ரயில் கேட்டும் சில மிருகங்களும்

ரயில் கேட் போட்டுவிட்டால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் எரிச்சல் வரும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பிடிக்க இறங்குவார். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, கேட்கீப்பர் காதில் விழாத தூரம் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அவரை வாய்க்கு வந்தபடி பேசுவார். கூடைகளோடு சந்தைக்குப் போகிறவர்கள் வெயிலைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். மூன்று பேருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும். அதில் ஒருவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருஷங்கள் கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல்லுக்கு அந்தக் காலை பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தேன். பூட்டு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் டவுன்தான். கல்யாணமான கையோடு மாமனார் வீட்டில் குடியேறிவிட்டேன். கன்னிவாடியில் சின்னப் பிள்ளைகள்கூட என்னை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடும். என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை கிடையாது என்று நான் குமைந்துகொண்டிருந்த காலத்தில், எனக்கென்று கிடைத்த இடம் அந்த பஸ்ஸின் பின்பக்க சீட்டுதான்.

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் டவுனில் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவர். ஆகவே எதை வாசித்தாலும் அந்தக் குரலில்தான் வாசிப்பார், பஸ் டிக்கெட்டில் இருக்கிற எழுத்தாக இருந்தாலும். இன்னொருவர் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை. பிள்ளைகளிடம் கண்டிப்பானவர் என்று பெயர். எங்களிடமும் அப்படித்தான். டீச்சர் குடும்பத்துக்கு வீடும் நிலமும் கன்னிவாடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தன.

நாங்கள் கூட்டாளிகளானதற்குக் காரணம் ஒரு சிறுத்தை. கிளார்க் சார் தினமும் பேப்பர் வாங்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஓசிக் கிராக்கிகளான நாங்கள் ஆளுக்கொரு தாளை உருவிக்கொள்வோம். ஒருநாள் டீச்சர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். பஸ் ஓடுகிற இரைச்சலில் என்ன என்று கேட்டும் பயனில்லை. ரயில் கேட் வந்து என்ஜின் நின்றதும் வாசித்துக் காட்டினார். வடக்கே ஏதோ ஓர் ஊரில் சிறுத்தை ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, தலைமையாசிரியர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டதாம். மயக்க ஊசி போட ஆள் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.

“எங்க எச்.எம். கூட அம்புட்டு நேரம் ரூம்ல இருக்க மாட்டாரு” என்றார் டீச்சர்.

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். மறுநாள் கிளார்க் சார் கையில் ஒரு முதலை கிடைத்தது. அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது.

பழக்கத்துக்குச் சட்டங்களும் வந்து சேர்ந்தன. யாருடைய தாளில் மிருகம் இருக்கிறதோ அவர், “வந்துருக்கு” என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள், “யாரு வந்துருக்கா?” என்று கேட்போம். அதற்கு ஒரே பதில்தான். “கேட் போடட்டும்.” அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லக் கூடாது. கேட் திறந்திருந்து பஸ் நிற்காமல் போய்விட்டால் எங்களுக்கு அது கெட்ட நாள். சாயங்கால பஸ்ஸில் கேட் போடும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மலைப்பாம்பு வியாழக்கிழமை வந்து சனிக்கிழமைதான் வாசிக்கப்பட்டது. அதுவரைக்கும் அதைக் கிளார்க் சார் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நமட்டுச் சிரிப்புச் சிரித்தபடி இருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

இன்னொரு சட்டம் டீச்சர் போட்டது. ஒரு நாள் கிளார்க் சார் சிறுத்தைச் செய்தி ஒன்றை வாசித்தார். முள்வேலிக்குள் மாட்டிக்கொண்ட சிறுத்தை, ஊரே திரண்டது, வனத்துறையினர் வந்தார்கள் என்று அருமையாகப் போனது. வாசித்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்தில், “இது ஆண்டவரின் அருள்வாக்கு” என்று வேறு சொல்லிவிட்டார். முன்சீட்டில் இருந்த ஒரு கிழவி கைகூப்பி, “இறைவனுக்கு நன்றி” என்றாள். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு தாள் டீச்சர் கைக்குப் போனது. அவர் முகம் மாறிவிட்டது. கடைசி வரியில் அந்தச் சிறுத்தை செத்துப்போயிருந்தது. சார் அதை விழுங்கிவிட்டிருக்கிறார்.

“மனசு வரல டீச்சர்” என்றார் சார்.

“வந்ததுக்கு மட்டும் சந்தோசப்பட்டா எப்படி சார்? செத்ததையும் வாசிக்கணும். தாளு யாரு கையில இருக்கோ அவுக ஒரு எழுத்து விடாம வாசிக்கணும். இல்லாட்டி வாசிக்கவே வேணாம்.”

அப்புறம் யாரும் எதையும் விழுங்கவில்லை.

பேப்பர்காரர்களின் பாஷையும் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. யானை என்றால் ‘அட்டகாசம்’. சிறுத்தை என்றால் ‘பொதுமக்கள் பீதி’. பாம்பு என்றால் ‘பரபரப்பு’. எல்லாச் சிறுத்தைக்கும் ஒரே பழைய படத்தைப் போடுவார்கள், கொட்டாவி விடுகிற ஒரு சிறுத்தை. அது எங்களுக்கு நெருங்கிய சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கு ரொம்பப் பிடித்தது கிணற்றில் விழுந்த காட்டுமாடுதான். கிணற்றின் ஒரு பக்கத்தை மண்வெட்டும் எந்திரத்தால் சரித்து, பாதை போட்டு, நாள் முழுக்கப் பாடுபட்டு அதைக் கரையேற்றினார்களாம். ஏறி வந்த காட்டுமாடு முதல் வேலையாகக் காப்பாற்றியவர்களைத் துரத்தியதாம். டீச்சர் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லி ரசித்தார். நன்றிகெட்ட பிராணி என்று நான் சொன்னபோது, “அது கெணத்துல தள்ளுனவன் யாருன்னு பாத்து வச்சிருக்கும்ணே” என்றார். எந்த மிருகம் எந்த ஊருக்குள் வந்தாலும் அவர் மிருகத்தின் கட்சி. “ஊரு அதுக்குள்ள போயிருக்கும்” என்பார். எதிர்த்துப் பேச எங்களுக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் கன்னிவாடி ஸ்டாப்பில் டீச்சரின் கணவர் மொபெட்டோடு நிற்பார். விவசாயி. பேச்சு குறைவு. டீச்சர் பின்னால் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்கிற வரைக்கும் சும்மா இருப்பார். பிறகு ஸ்டார்ட் பண்ணாமல், திரும்பியும் பார்க்காமல், “இன்னைக்கு யாரு வந்துருக்கா?” என்பார். டீச்சர் சொல்ல ஆரம்பிப்பார். சில நாள் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மறுநாள் காலை டீக்கடையில் அதே செய்தி உலவும். அதற்குள் முதலை ரெண்டு முழம் வளர்ந்திருக்கும். கேட் போட்ட பிறகுதான் வாசிக்க வேண்டும் என்கிற சட்டத்தைக் கேட்டு அவர் ரொம்ப ரசித்தார் என்று டீச்சர் ஒருநாள் சொன்னார். “உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்ல” என்று சொன்னாராம். சொல்லிவிட்டு, “ஒரு நாளைக்கு நானும் வந்து பாக்கணும்” என்றும் சொன்னாராம்.

அவர் எங்களோடு வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ்ஸில் இல்லை. அகரம் பக்கத்துக் கண்மாய்க்கு வெளிநாட்டுப் பறவைகள் கூட்டமாக வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கிளம்பிப் போனோம். கிளார்க் சார் சம்சாரம் ஒரு தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்துவிட்டிருந்தார். கண்மாயில் சில எருமைகளும் அவற்றின் முதுகில் கொக்குகளும் இருந்தன. வேறொன்றும் இல்லை. “பேப்பர்ல வந்ததும் கெளம்பிருச்சுக போல” என்றார் டீச்சர் கணவர். எருமைகளைப் பார்த்தபடியே சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். என் வாழ்க்கையில் நல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் ஒன்று.

அவர்களுடைய நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணறு வற்றி வெறும் தரையாகக் கிடந்த இடத்தில் போர் போட்டுத் தென்னங்கன்று வைத்திருந்தார்கள். வைத்த நேரமோ என்னவோ, மழை இல்லை. போரிலும் தண்ணீர் அடியில் போய்விட்டது. இரண்டு கோடை முழுக்கப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தூக்கி ஊற்றினார்கள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் சுமப்பார் என்று என் மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததை நான்தான் ஒருநாள் கவனித்தேன். பிறகு மழை வந்தது. கன்றுகள் ஆள் உயரம் தாண்டி, மட்டை விரித்து நின்றன. ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தோப்பில்தான் இருக்கப் போகிறேன் என்று டீச்சர் முதல்முதலாக வாய் விட்டுச் சொன்னது அந்த வருஷம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பஸ்ஸுக்கு வரவில்லை. சாயங்காலம் கண்டக்டர்தான் சொன்னார். மலையிலிருந்து யானை இறங்கி டீச்சர் தோப்புக்குள் புகுந்துவிட்டதாம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கிளார்க் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணும் மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அசாமிலும் வால்பாறையிலும் வந்துகொண்டிருந்த யானை, கடைசியில் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டது. இதைவிட ஒரு கௌரவம் உண்டா என்கிற மாதிரிதான் நாங்கள் பேசிக்கொண்டோம். கன்றுகள் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றவில்லை. சார் தெரிந்த ஸ்டூடியோவில் கேமரா இரவல் வாங்குவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவது என்று முடிவானது.

போனோம். சார் கழுத்தில் கேமரா, கையில் அதே தூக்குச்சட்டி. நான் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். பாதம் எவ்வளவு அகலம் என்று அளப்பதற்காகக் கடையிலிருந்து இஞ்ச் டேப் எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.

வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரின் கணவர் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்ல மாட்டார்கள்; போனது கன்றுகள்தான் என்றாலும் அது துக்க வீடுதான். யாரோ நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். உள்ளேயிருந்து அவர்கள் சொந்தக்கார அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சார் மெதுவாகக் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளினார். எனக்கு என் சட்டைப்பை கனத்தது. அப்போது பட்ட கூச்சத்தை நான் வேறு எந்த வீட்டிலும் பட்டதில்லை.

“இம்புட்டு தூரம் வந்தீகளே, அதுவே போதும் மாப்ள” என்றார் அவர். நான் வாழைப்பழத்தை நீட்டினேன். அவர் வாங்கி நாற்காலியில் வைத்தார்.

டீச்சர் வெளியே வந்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். சாரின் முதுகில் தொங்குவதைப் பார்த்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

“வாங்க, போய்ப் பாப்பம்” என்றார்.

தோப்பைப் பார்த்ததும் எங்கள் குஷி எல்லாம் வடிந்துவிட்டது. மேற்குப் பாதி முழுக்கத் தரையில் கிடந்தது. கன்றுகளை வேரோடு சாய்த்து, மட்டைகளை மிதித்து, நடுக்குருத்தை மட்டும் உருவித் தின்றிருந்தது. வெள்ளை வெள்ளையாகச் சக்கை கிடந்தது. போர்ப் பக்கம் இருந்த கிழக்குப் பாதிதான் மிச்சம். ஒவ்வொரு கன்றும் எத்தனை குடம் என்று என் மனசு தன்னால் கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

வாய்க்கால் ஓரத்தில், ஈரமண்ணில், பாதம் இருந்தது. சார் முழங்கால் போட்டுக் குனிந்தார். பெரிய வட்டம், தாம்பாளம் அளவுக்கு. அதை ஒட்டி இன்னொன்று இருந்தது, சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது.

“டீச்சர், இங்க வாங்க” என்றார் சார். கோயில் குரல் போய் வேறு குரல் வந்திருந்தது.

டீச்சர் வந்து குனிந்தார். “குட்டி” என்றார். பிறகு அவரும் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். “குட்டிண்ணே. இங்க பாருங்க, ஆத்தா காலுக்கு ஊடயே நடந்துருக்கு.” விழுந்துகிடந்த தன் கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த அம்மாள் அந்தச் சின்னத் தடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. அவர் கணவர் கொஞ்சம் தள்ளித் தோளில் துண்டோடு நின்று, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடம் முழுவதும் படத்தில் விழ வேண்டும் என்று சார் பின்னால் நகர்ந்தார். வேலியோரம் போய்விட்டார்.

“அங்கிட்டுப் போகாதீக சார்.”

டீச்சர் கணவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சார் அப்படியே நின்றார். அப்போதுதான் பார்த்தோம். புதுசாக ஊன்றிய குச்சிகளில், முழங்காலுக்கு மேலே, வெறும் கம்பி ஒன்று தோப்பைச் சுற்றி ஓடியது. அதன் ஒரு முனை மோட்டார் ரூமுக்குள் போனது.

டீச்சர் எழுந்தார். “என்னங்க இது?”

“இன்னும் கரண்டு குடுக்கல. பொழுது சாயவும்தான் குடுக்கணும்.” தரையைப் பார்த்தே பேசினார். “குடுக்கலன்னு தெரியும். ஆனாலும் சார் அங்கிட்டுப் போகவும் பக்குன்னுருச்சு.”

வாசலில் உட்கார்ந்திருந்த தோட்டக்காரர்கள் சொன்ன யோசனை என்று எங்களுக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கு அப்படிச் செய்கிறவர்கள் இருந்தார்கள். அது சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு யானை சாகும், அல்லது இருட்டில் வருகிற ஒரு மனுஷன் சாவான், இவர் ஜெயிலுக்குப் போவார். டீச்சர் கம்பியையே பார்த்தார்.

“எனக்கு மட்டும் ஆசையா?” என்றார் அவர். “நீயும் கொடம் தூக்குனவதானே. ரெண்டு கோடை. அதுகளுக்கு ருசி கண்டுபோச்சு, திரும்ப வரும். கெழக்க இருக்கறதையாவது காப்பாத்த வேணாமா?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “உங்களுக்கென்ன மாப்ள, பேப்பர்ல வாசிச்சுட்டு எறங்கிப் போயிருவீக.”

அது எனக்கு நன்றாக உறைத்தது. அவர் பேசியதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

டீச்சர் பேசியபோது குரல் உயரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுக்கிற குரல் அது. “நாளைக்கோ நாளன்னைக்கோ கேட்ல பஸ்ஸு நிக்கும். தாளு என் கைக்கு வரும். செத்ததையும் விடாம வாசிக்கணும்னு சொன்னவளே நான்தான். யானையச் சொல்லி, அதுக்குக் கீழ உங்களச் சொல்லிப் போட்டிருப்பான். எல்லாம் நான் வாசிக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னைக்குச் சாயந்தரம் ஸ்டாப்புல யாரு வந்து எங்கிட்ட யாரு வந்துருக்கான்னு கேப்பா?”

டீச்சர் கணவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பினோம். துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சார் பேசாமல் நடந்தார். இன்னும் யாரும் சாகவில்லை என்பதால் நான் திரும்பி, “வாரோம்” என்று சொல்லிவிட்டே வந்தேன். தூக்குச்சட்டி திறக்காமலே அவர்கள் வீட்டில் இருந்துவிட்டது.

அன்றைக்கு முழுக்க அந்தக் கம்பியை நினைத்துக்கொண்டே இருந்தேன். யானைக்காகப் பயந்தேனா, அந்த மனுஷனுக்காகப் பயந்தேனா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. டீச்சருக்காகப் பயந்தேன் என்பது நிச்சயம்.

திங்கட்கிழமை காலை ஸ்டாப்புக்கு முன்னதாகவே போய்விட்டேன். மொபெட் வந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். அவர் வண்டியை டீக்கடைப் பக்கம் நிறுத்திப் பூட்டிவிட்டு, துவைத்த சட்டையும் கையில் மஞ்சப்பையுமாக வந்து நின்றார்.

“மறுபடி வந்துருச்சுண்ணே” என்றார் டீச்சர். “கெழக்க இருந்ததும் போச்சு. நான் கண்ணசந்துட்டேன். விடிஞ்சு போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “கரண்டு குடுக்கல.” நஷ்டத்துக்கு மனு கொடுக்க டவுனில் இருக்கிற வனத்துறை ஆபீசுக்கு அவர் வருகிறாராம்.

ஒன்றும் மிச்சம் இல்லை என்கிற செய்தியைக் கேட்டு ஒரு மனுஷனுக்கு நிம்மதி வருமா? எனக்கு வந்தது. அப்படி வந்ததற்காக வெட்கமும் வந்தது.

பஸ்ஸில் டீச்சர் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளார்க் சார் தாளைப் பிரித்தார், ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தார், சட்டென்று மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் கவனித்துவிட்டார்.

“வந்துருக்கா சார்?”

சார் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். “வந்துருக்கு” என்றார், குரலே இல்லாமல். டீச்சர் கையை நீட்டினார். சார் கொடுத்துவிட்டார்.

கேட் போட்டிருந்தது. என்ஜின் நின்றது. கண்டக்டர் படியில் நின்றார், ஆனால் யாரையும் திட்டவில்லை. அவருக்கும் விஷயம் தெரியும். டீச்சர் தாளை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பிக்காமல் இருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை, சாருக்கும் இல்லை.

“யாரு வந்துருக்கா?” என்று என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மொபெட்டில் கேட்கிற அதே குரல், திரும்பிப் பார்க்காமல் கேட்கிற அதே தோரணை.

டீச்சர் வாசித்தார். ‘ஒற்றை யானை அட்டகாசம்’ என்று தலைப்பு. மலையடிவாரத் தோட்டத்தில் புகுந்த ஒற்றை யானை, விவசாயி ஒருவரின் தென்னங்கன்றுகளை நாசம் செய்தது, பொதுமக்கள் பீதி, வனத்துறையினர் கண்காணிப்பு. முதல் தடவை வந்த செய்திதான், ஆடி அசைந்து இன்றைக்கு வந்திருக்கிறது. ஒரு எழுத்து விடவில்லை. ‘விவசாயி ஒருவரின்’ என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது. வாசித்து முடித்துத் தாளை மடியில் வைத்தார்.

வாசித்த பிறகு யாரும் பேசலாம் என்பது சட்டம். டீச்சர் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒத்த யானைன்னா போட்டுருக்கான்?”

“ஆமா.”

“ரெண்டு. ஆத்தாளும் பிள்ளையும். நேத்து ராத்திரி மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து நான் பாத்தேன். அட்டகாசம்லாம் ஒண்ணும் பண்ணல. ஆத்தா உருவித் திங்குது, குட்டி அது வாயிலருந்து பிடுங்கித் திங்குது. சத்தமே இல்ல. தின்னு முடிச்சு வாய்க்கால்ல தண்ணியக் குடிச்சுட்டு, வந்த வழியே போயிருச்சுக.”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

“நீங்க பாத்தீகளா? காலையிலருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

அவர் ஜன்னல் வழியாக ரயில் வருகிறதா என்று பார்த்தார்.

“கேட் போடட்டும்னு இருந்தேன்” என்றார்.